உழைப்பவரின் முதுகெலும்பு: கோலார் தங்கவயலின் அனுபவம்

கர்நாடகத்தின் கிழக்கு எல்லையில், தமிழகமும் ஆந்திரமும் வெகு அண்மையில் இருக்க அமைந்தது கோலார் தங்கவயல். பொழுது புலருமுன்பே அங்குள்ள சிற்றூர் நிலையங்களில் மக்கள் திரண்டுவிடுகின்றனர். மாரிக்குப்பம், சாம்பியன், உரிகம், கோரமண்டல் ஆகிய நிலையங்களைத் தொட்டு பங்காரப்பேட்டை சென்று சேரும் இக்கிளைப் பாதை 1894இல் தங்கச் சுரங்கங்களுக்காகவே போடப்பட்டது. இன்று அது சுமந்து செல்வது பெங்களூரில் கூலி தேடும் ஆண்களையும் பெண்களையும். கட்டட வேலை, தையல் ஆலை, காவல் பணி, கடை வேலை என ஏறத்தாழ 85 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நகரத்திற்கு நாள்தோறும் சென்று இரவில் திரும்புகின்றனர். இவர்களில் பலருடைய தந்தையரும் பாட்டனாரும் பூமிக்கடியில் பாறை உடைத்தவர்கள்.

இவ்விரு தலைமுறைகளுக்கும் பொதுவான ஒரு குறை உண்டு. அதுதான் முதுகுவலி. ‘டிஸ்க் நகர்ந்துவிட்டது’, ‘எலும்பு தேய்ந்துவிட்டது’ என்ற இரு தொடர்கள் தங்கவயலில் மட்டுமன்று, தமிழ் வழங்கும் எல்லா ஊர்களிலும் சாதாரணமாகக் காதில் விழுபவை. நாட்கூலி பெறும் ஒருவரிடம் இச்சொற்கள் கூறப்படும்போது அவை ஒரு நோயின் பெயராக நின்றுவிடுவதில்லை. அவர் வேலையை விடுவதா, கடன் வாங்கி அறுவைச் சிகிச்சை செய்துகொள்வதா, மாதக்கணக்கில் படுத்திருப்பதா என்பதையெல்லாம் அவையே முடிவு செய்துவிடுகின்றன. ஆகவே அச்சொற்கள் எதைக் குறிக்கின்றன, எந்த அளவுக்கு உண்மை என்று தெரிந்துகொள்வது அவசியமாகிறது.

உலக அளவில் 2020ஆம் ஆண்டில் சுமார் 61.9 கோடிப் பேர் கீழ்முதுகு வலியால் அவதியுற்றதாக மதிப்பிடப்பட்டுள்ளது. 2050இல் இத்தொகை 84 கோடியைத் தாண்டும் என்றும் கணித்துள்ளனர். செயலிழப்புடன் வாழும் ஆண்டுகளைக் கணக்கிட்டால் உலகில் முதலிடம் வகிப்பது இந்த வலியே. இவ்வாறு வலியுறுவோரில் பத்தில் ஒன்பது பேரிடம், இன்ன எலும்பு, இன்ன நரம்பு என்று சுட்டிக்காட்டத்தக்க நோய் எதுவும் காணப்படுவதில்லை. மீதியுள்ள ஒருவரிடம் இருக்கும் நோயைத் தவறவிடாமலும், ஒன்பது பேரை வீணாக அச்சுறுத்தாமலும் இருப்பதில்தான் முதுகுவலி மருத்துவத்தின் திறமை முழுவதும் அடங்கியிருக்கிறது.

தண்டின் அமைப்பு

முதுகெலும்பு என்பது ஒற்றை எலும்பன்று. குழந்தைப் பருவத்தில் 33 முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. கழுத்தில் 7, மார்பில் 12, இடுப்பில் 5. அதற்குக் கீழே உள்ளவை வளர்ச்சியில் ஒன்றோடொன்று இணைந்து திருவெலும்பாகவும் வாலெலும்பாகவும் ஆகின்றன. உடலின் பாரம் கீழிறங்கும்தோறும் கூடுவதால் இடுப்பிலுள்ள ஐந்தும் மிகப் பருத்தவை. முள்ளெலும்புகளுக்கு இடையே உள்ள மெத்தைகளே ‘டிஸ்க்’ எனப்படும் இடைத்தட்டுகள். வெளியே நார் வளையம், உள்ளே நீர் மிகுந்த கூழ் என அவை அமைந்துள்ளன.

வளர்ந்த மனிதரின் இடைத்தட்டுக்குள் இரத்தக் குழாய்கள் செல்வதில்லை. அருகிலுள்ள எலும்பிலிருந்து கசிந்து வரும் ஊட்டத்தைக் கொண்டே அது உயிர் வாழ்கிறது. உடல் அசையும்போது தட்டு அழுந்தியும் விரிந்தும் நீரை வெளியேற்றி மீண்டும் உறிஞ்சுகிறது. இரவு படுத்திருக்கையில் நீர் ஏறித் தட்டுகள் பருப்பதால், காலையில் எழும் மனிதர் மாலையில் இருப்பதைவிட ஒன்று முதல் இரண்டு சென்டிமீட்டர் வரை உயரமாக இருக்கிறார். நீர் ஏறிய அந்நேரத்தில் தட்டு விறைத்திருப்பதால், குனியும்போது அதன் நார்களில் இழுவிசை அதிகம். நாட்பட்ட முதுகுவலி உள்ளோர் விடிந்ததும் சிறிது நேரத்திற்குக் குனிவதைத் தவிர்த்தால் வலி குறைகிறது என்பதை 1998இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று எடுத்துக்காட்டியது. விடியற்காலைக் குழாயடியில் குடத்தைக் குனிந்து தூக்கும் பெண்கள் இதை அறிந்திருப்பது நல்லது.

எலும்பு வளையங்களுக்குள் பாதுகாப்பாகச் செல்லும் தண்டுவடம் இடுப்பின் முதலாவது அல்லது இரண்டாவது முள்ளெலும்பு அளவில் முடிந்துவிடுகிறது. அதற்குக் கீழே குதிரையின் வாலைப் போன்று நரம்புக் கற்றை தொங்குகிறது. கால்களின் அசைவும், சிறுநீர், மலம் ஆகியவற்றின் கட்டுப்பாடும் இந்தக் கற்றையைச் சார்ந்தவை.

பூமிக்கடியில்

ஜான் டெய்லர் நிறுவனம் 1880இல் கோலாரில் கால்வைத்தது முதல் 2001 பிப்ரவரி 28இல் சுரங்கங்கள் மூடப்படும் வரை ஏறத்தாழ 800 டன் தங்கம் அங்கே எடுக்கப்பட்டது. 1956இல் மைசூர் அரசும், 1962இல் மத்திய அரசும் ஏற்று நடத்திய சுரங்கங்கள் 1972இல் பாரத் கோல்டு மைன்ஸ் நிறுவனத்தின் கீழ் வந்தன. சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேலான ஆழத்தை எட்டி உலகின் மிக ஆழமான சுரங்கங்களுள் ஒன்றாக விளங்கியது. அவ்வாழத்தில் பாறையின் வெப்பம் 60 பாகை செல்சியசைத் தாண்டும். தாது நரம்பு எவ்வளவு குறுகியதோ அவ்வளவு குறுகிய இடத்தில் நின்றும், குனிந்தும், மண்டியிட்டும் பாறை துளைக்க வேண்டும். உடைந்த கல்லை வாரித் தள்ள வேண்டும். வடஆர்க்காடு, சேலம், சித்தூர் பகுதிகளிலிருந்து வந்து குடியேறிய குடும்பங்களின் முதுகுகள் மூன்று நான்கு தலைமுறைகளாக இவ்வேலையைச் செய்தன.

கோலார் தங்கவயலுக்கே உரிய பேராபத்து பாறை வெடிப்பு. ஆழத்தில் அழுத்தத்திற்கு உள்ளான பாறை திடீரெனச் சிதறிப் பாயும். அதன் அதிர்ச்சி மேலே வீடுகளிலும் உணரப்படும். பாறை இயக்கவியலுக்கான தேசிய நிறுவனம் 1988இல் இவ்வூரிலேயே தொடங்கப்பட்டதற்கு இவ்வெடிப்புகளைப் பற்றிய நீண்ட கால ஆராய்ச்சியே அடிப்படை. குனிந்து வேலை செய்பவரின் முதுகில் கூரைக்கல் விழும்போது தண்டு முன்னோக்கி மடங்கி, மார்பெலும்புப் பகுதியும் இடுப்புப் பகுதியும் சந்திக்கும் இடத்தில் முள்ளெலும்பு நொறுங்குகிறது. அசைவு குறைந்த மேற்பகுதிக்கும் நன்கு அசையும் கீழ்ப்பகுதிக்கும் இடைப்பட்ட திருப்புமுனை அது. எல்லா நாட்டுச் சுரங்கங்களிலும் இதே இடம்தான் மிகுதியாக முறிகிறது.

இங்கிலாந்தின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்களை ஆராய்ந்த நிக்கோல் என்ற எலும்பு மருத்துவர் 1949இல் ஒரு முக்கியமான செய்தியை வெளியிட்டார். அக்காலத்தில் முறிந்த முள்ளெலும்பை நிமிர்த்தி, மாதக்கணக்கில் பிளாஸ்டர் சட்டை போட்டு, பழைய வடிவத்தை மீட்பதே சிகிச்சையாகக் கருதப்பட்டது. நரம்புக்குச் சேதமில்லாத நிலையான முறிவுகளில், எலும்பு கோணலாகவே பொருந்தியிருந்தும் பலர் மீண்டும் சுரங்க வேலைக்குத் திரும்பியிருப்பதை நிக்கோல் கண்டார். வடிவம் சீரானதற்கும் வேலைத்திறன் மீண்டதற்கும் நேர்த்தொடர்பு இல்லை என்பது அவரது முடிவு. ஷெஃபீல்டு நகரின் ஹோல்ட்ஸ்வொர்த் இதைத் தொடர்ந்து, நிலையான முறிவு எது, தண்டுவடத்தை நசுக்கக்கூடிய நிலையற்ற முறிவு எது என்று பிரித்தறியும் முறையை வகுத்தார். இன்றைய முறிவு வகைப்பாடுகளுக்கு அதுவும் ஒரு முன்னோடி.

கெல்கிரென், லாரன்ஸ் ஆகிய இருவர் 1950களில் மாஞ்செஸ்டர் பகுதிச் சுரங்கத் தொழிலாளர்களை எக்ஸ்-கதிர்ப் படமெடுத்து ஆராய்ந்தனர். மற்றத் தொழிலாளரைவிட இவர்களுடைய இடுப்பு இடைத்தட்டுகளில் மாறுதல்கள் மிகுந்திருந்தன. கடும் உழைப்பு தண்டில் தன் சுவட்டைப் பதிக்கிறது என்பதில் ஐயமில்லை. அந்தச் சுவடுதான் வலியா என்பதே கேள்வி.

‘தேய்மானம்’ என்னும் சொல்

இக்கேள்விக்கு விடை காந்த அதிர்வுப் படங்கள் பரவிய பின்னரே தெளிவாகக் கிடைத்தது. முதுகுவலியே இல்லாத 3,110 பேரின் படங்களை உள்ளடக்கிய 33 ஆய்வுகளின் தொகுப்பு 2015இல் வெளியாயிற்று. வலியற்ற இருபது வயதினரிலேயே 37 விழுக்காட்டினருக்கு இடைத்தட்டு மாறுதல் காணப்பட்டது. எண்பது வயதில் அது 96 விழுக்காடு. தட்டுப் புடைப்பு இருபது வயதில் 30 விழுக்காட்டினரிடமும், எண்பதில் 84 விழுக்காட்டினரிடமும் இருந்தது. தலை நரைப்பதும் தோல் சுருங்குவதும் போன்று இவை வயதின் அடையாளங்களே என்பது பெறப்படுகிறது.

நாற்பத்தைந்து வயதுக் கட்டடத் தொழிலாளி ஒருவர் முதுகுவலியுடன் சென்று படமெடுத்தால், ஏதேனும் ஒரு தட்டில் ஏதேனும் ஒரு மாறுதல் தென்படவே செய்யும். அதைக் காட்டி ‘எலும்பு தேய்ந்துவிட்டது’ என்று சொன்னால் அவர் என்ன பொருள் கொள்வார்? தேய்ந்த வண்டிச் சக்கரம் மேலும் ஓட்டினால் மேலும் தேயும் என்பதே அவரறிந்த பொருள். ஆகவே அசைவை நிறுத்துகிறார். அசைவற்ற தசை நலிகிறது; தட்டுக்கு ஊட்டமும் குறைகிறது; வலி கூடுகிறது. ‘தேய்மானம்’ என்ற சொல்லை மருத்துவமனைகள் கைவிட்டாலே ஓரளவு முதுகுவலி குறையும் என்று சொல்வது மிகையாகாது.

தட்டு பிதுங்கும்போது

உண்மையிலேயே பெயர் சொல்லத்தக்க நோய்களுள் முதன்மையானது இடைத்தட்டுப் பிதுக்கம். தட்டு எங்கும் ‘நகர்வதில்லை’. அதன் நார் வளையம் கிழிந்து உட்கூழ் பின்பக்கமாகப் பிதுங்கி நரம்பு வேரைத் தொடுகிறது. அங்கே ஏற்படும் அழற்சியால் பிட்டத்திலிருந்து தொடையின் பின்புறமாக முழங்காலுக்குக் கீழே பாதம்வரை மின்னல்போல் வலி ஓடும். இருமினாலும் தும்மினாலும் அது கூடும். சியாட்டிகா எனப்படுவது இதுவே. இத்தகைய பிதுக்கங்களில் பெரும்பாலானவை இடுப்பின் கடைசி இரு தட்டுகளில் நிகழ்கின்றன. இந்த உறவை 1934இல் பாஸ்டன் நகர மருத்துவர்களான மிக்ஸ்டரும் பாரும் தெளிவுபடுத்தினர். அதன்பின் பல பத்தாண்டுகள் உலகெங்கும் தட்டு அறுவைகள் பெருகின. தேவையற்றவையும் அவற்றுள் பல.

பிதுங்கிய கூழை உடலே சிறிது சிறிதாகக் கரைத்துவிடுகிறது என்பது பின்னாளில் படங்கள் மூலம் மெய்ப்பிக்கப்பட்டது. பெரிய பிதுக்கங்களே விரைவில் சுருங்குகின்றன என்பது வியப்பூட்டும் செய்தி. பெரும்பாலோருக்கு ஆறு முதல் பன்னிரண்டு வாரங்களில் கால்வலி தணிகிறது. அதற்குப் பின்னும் தாங்கொணாத கால்வலி நீடித்தாலோ, பாதத்தின் வலு குறைந்துகொண்டே வந்தாலோ அறுவை நல்ல பயனளிக்கும். காலில் வலியின்றி முதுகில் மட்டும் வலி உள்ளவருக்குத் தட்டை அகற்றுவதால் கிடைக்கும் நன்மை குறைவு.

முதியோரிடம் காணப்படுவது வேறொன்று. தடித்த இணைப்புகளும் எலும்பு முனைகளும் தண்டுவடக் குழாயைக் குறுக்குவதால், சிறிது தூரம் நடந்ததும் இரு கால்களும் கனத்து மரத்துப்போகும். உட்கார்ந்தாலோ முன்னே சாய்ந்தாலோ குழாய் சற்று விரிந்து தொல்லை நீங்கும். நூறடி நடக்க இயலாத முதியவர் சைக்கிளை மட்டும் எளிதாக ஓட்டுவார். கைப்பிடியில் சாய்ந்திருப்பதே காரணம். ஒரு முள்ளெலும்பு மற்றொன்றின் மேல் முன்னோக்கிச் சறுக்கும் நோயும் உண்டு. படத்தில் அச்சம் தருவதாக இருந்தாலும் பெரும்பாலும் உடற்பயிற்சியாலேயே அது கட்டுக்குள் நிற்கிறது.

சுரங்கத் தூசும் கிணற்று நீரும்

பாரம் தூக்குவதற்கும் குனிவதற்கும் தொடர்பற்ற முதுகுவலிகள் சில உண்டு. அவற்றுள் இரண்டை இவ்வட்டாரத்தில் தனியே எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஒன்று, முதுகெலும்புக் காசநோய். பாறை துளைக்கும் தூசால் வரும் சிலிகோசிஸ் நோய் கோலார் தங்கவயலில் 1940களிலேயே விரிவாக ஆராயப்பட்டது. இந்தியாவில் அந்நோயைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளுள் அது ஒன்று. சிலிக்கா தூசு படிந்த நுரையீரலில் காசநோய் எளிதில் பற்றும். நுரையீரலிலிருந்து இரத்தத்தின் வழியே கிருமி முள்ளெலும்பை அடைந்தால், வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கூடும் வலி, மாலைக் காய்ச்சல், உடல் மெலிவு, இரவிலும் ஓயாத நோவு என்று தொடங்கிக் கூனிலும் கால்களின் செயலிழப்பிலும் முடியலாம். ஒருகாலத்தில் இந்நோயினர் ஆண்டுக்கணக்கில் பிளாஸ்டர் படுக்கையில் கிடத்தப்பட்டனர். அல்லது பெரும் அறுவைக்கு உட்படுத்தப்பட்டனர். 1975இல் சென்னையில் காசநோய் ஆராய்ச்சி மையம் தொடங்கிய ஆய்வு இந்நிலையை மாற்றியது. அறுவையும் படுக்கையும் இன்றி, நடமாடிக்கொண்டே ஆறு அல்லது ஒன்பது மாதங்கள் மருந்துண்ட நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் குணமடைந்தனர். இன்றைய இந்திய வழிகாட்டுதல்கள் பொதுவாக ஓராண்டு அல்லது அதற்கும் மேற்பட்ட சிகிச்சையைக் கூறுகின்றன. நரம்பு நசுங்கியவர்களுக்கும் கூன் மிகுந்தவர்களுக்குமே அறுவை தேவைப்படுகிறது. மருந்துகள் அரசால் இலவசமாக வழங்கப்படுகின்றன. முன்னாள் சுரங்கத் தொழிலாளி ஒருவர் தம் மார்புச் சளியையும் முதுகுவலியையும் இரு வேறு மருத்துவர்களிடம் தனித்தனியே கூறும்போது, இரண்டும் ஒரே நோயின் இரு முகங்களாக இருக்கக்கூடும் என்பது இருவருக்குமே தெரியாமல் போவதுண்டு.

மற்றொன்று, புளோரைடு நோய். கோலார் மாவட்டத்தின் ஆழ்குழாய்க் கிணறுகள் பலவற்றில் புளோரைடு அளவுக்கு மிஞ்சியிருப்பது நெடுங்காலமாக அறியப்பட்ட செய்தி. குடிநீரில் லிட்டருக்கு ஒரு மில்லிகிராமுக்கு மேல் புளோரைடு இருப்பது விரும்பத்தக்கதன்று என்பது இந்தியத் தர அளவு. வேறு நீர் கிடைக்காத இடத்தில் ஒன்றரை வரை ஏற்கலாம். பல ஆண்டுகள் மிகுதியாக உட்கொண்டால் பற்களில் கறை படிவதோடு நில்லாமல், முதுகெலும்பைப் பிணைக்கும் நார்களில் சுண்ணம் ஏறித் தண்டே மூங்கில்போல் விறைத்துவிடும். 1937இல் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் கிண்டி கிங் நிலைய ஆராய்ச்சியாளர்கள் இந்தியாவில் இதை முதன்முதலாக விவரித்தனர். இதைக் கண்டறியும் களச் சோதனைகள் மிக எளியவை. தரையில் கிடக்கும் காசை முழங்கால் மடக்காமல் குனிந்து எடுக்கச் சொல்லுதல், மோவாயை மார்பில் தொடச் சொல்லுதல், இரு கைகளையும் தலைக்குப் பின் கோக்கச் சொல்லுதல் ஆகிய மூன்றே அவை. ஒரே கிணற்று நீரைக் குடிக்கும் தெருவில் பலருக்கும் இவை இயலாது போனால், ஆராய வேண்டியது முதுகை மட்டுமன்று. கிணற்றையும் ஆராய வேண்டும்.

இளைஞரைத் தாக்கும் அழற்சி வாதத்தையும் மறந்துவிடலாகாது. நாற்பத்தைந்து வயதுக்குள், பெரும்பாலும் இருபதுகளில், காலையில் அரைமணிக்கு மேல் முதுகு விறைத்திருக்கும். ஓய்வில் வலி கூடி, வேலையில் குறையும். மற்ற முதுகுவலிகளுக்கு நேர்மாறான இந்த அடையாளத்தைக் கேட்டறியாததால் பலருக்கு நோய் புலப்படவே ஆண்டுகள் பல கழிகின்றன. மாதவிடாய் நின்ற பெண்களிடம் எலும்பு மென்மையடைந்து, ஒரு குடத்தைத் தூக்கிய மாத்திரத்தில் முள்ளெலும்பு அமுங்கிவிடுவதும் உண்டு.

உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டிய குறிகள் சில. சிறுநீர் கழிக்க இயலாமை அல்லது அடக்க இயலாமை, பிறப்புறுப்பையும் ஆசனவாயையும் சுற்றி உணர்வு மரத்தல், இரு கால்களிலும் வலு குறைதல் ஆகியவை குதிரைவால் நரம்புக் கற்றை நசுங்குவதைக் காட்டும். அப்போது நாட்கணக்கில் காத்திராமல் மணிக்கணக்கில் அறுவை நடைபெற வேண்டும். காய்ச்சல், காரணமற்ற எடைக் குறைவு, முன்பு புற்றுநோய் கண்டவருக்குப் புதிதாக வரும் வலி, உயரத்திலிருந்து விழுந்தபின் வரும் வலி ஆகியவற்றையும் தள்ளிப்போடலாகாது.

ஓய்வா, அசைவா?

முதுகு பிடித்துக்கொண்டால் படுத்துக்கொள் என்பது பழைய அறிவுரை. 1986இல் அமெரிக்காவில் டேயோ குழுவினர் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு இரண்டு நாளும் மறு பிரிவினருக்கு ஏழு நாளும் படுக்கை ஓய்வு கூறினர். குணமானதில் வேறுபாடு இல்லை. இரண்டு நாள் படுத்தவர்கள் வேலைக்கு விரைவில் திரும்பினர், அவ்வளவே. பின்வந்த ஆய்வுகள் படுக்கவே வேண்டியதில்லை, இயன்றவரை வழக்கமான வேலைகளில் ஈடுபடுவதே மேல் என்று காட்டின. நாட்பட்ட முதுகுவலி பற்றி உலக சுகாதார நிறுவனம் தன் முதல் வழிகாட்டுதலை 2023 டிசம்பரில் வெளியிட்டது. நோயாளிக்கு விளக்கமளித்தல், உடற்பயிற்சி, மனநலம் சார்ந்த சிகிச்சை, சில வலி மருந்துகள் ஆகியவற்றை அது ஏற்கிறது. இடுப்புப் பட்டை, இழுவைச் சிகிச்சை, கேளா ஒலி அலைச் சிகிச்சை, அபினி சார்ந்த மருந்துகள் ஆகியவற்றை வழக்கமாகத் தரவேண்டாம் என்கிறது. ஒவ்வொரு சிறு நகரிலும் பணம் கொடுத்துப் பெறப்படும் சிகிச்சைகளில் பல, வேண்டாம் என்ற இந்தப் பட்டியலில் இருக்கின்றன.

மனநலம் இதில் ஏன் வருகிறது என்று வினவலாம். போயிங் விமான ஆலையில் 3,020 தொழிலாளரைத் தொடர்ந்து கவனித்த ஆய்வு 1991இல் வெளிவந்தது. முதுகில் அடிபட்டதாகப் பின்னாளில் முறையிட்டவர்களை முன்கூட்டிக் காட்டியவற்றுள், உடல் வலுவைவிடத் தம் வேலையில் அவர்கள் கொண்டிருந்த மனநிறைவின்மை முக்கியமானதாக இருந்தது. இதைக் கொண்டு வலி கற்பனை என்று தொழிலாளியைப் பழிப்பது அநீதி. வேலை நிலையற்றுப் போனதும், உறக்கம் குறைந்ததும், நாளைய கூலி பற்றிய கவலையும் வலியைத் தாங்கும் ஆற்றலைக் குறைக்கின்றன என்பதே அதன் பொருள். ஒரே நாளில் ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைப்பிழந்த ஊரில் இதை விளக்கத் தேவையில்லை.

பாரத்தின் கணக்கு

முதுகைக் காக்கத் தொழிலாளி ‘சரியாகக் குனிய’ கற்றுக்கொள்ள வேண்டும் என்று சுவரொட்டிகள் கூறுகின்றன. வேலையின் அளவு மாறாமல் குனியும் விதத்தை மட்டும் கற்பித்து அடைந்த பயன் சொற்பமே. சிமெண்டு மூட்டையின் எடை 50 கிலோ. உகந்த நிலையில், உடலை ஒட்டி, இரு கைகளாலும் தூக்குவதற்கே அமெரிக்கத் தொழில் நல நிறுவனம் வகுத்த உச்ச அளவு 23 கிலோ. சர்வதேசத் தொழில் நிறுவனம் 1967இல் நிறைவேற்றிய பரிந்துரையோ வயது வந்த ஆணுக்கு 55 கிலோ வரை இடமளித்தது. அதே ஆண்டின் உச்ச எடை உடன்படிக்கையை இந்தியா 2010இல் ஏற்றுக்கொண்டது. மூட்டையின் எடையைப் பாதியாக்குவதும், மாடிக்கு ஏற்றச் சிறு பாரந்தூக்கி வைப்பதும் எந்தப் பயிற்சி வகுப்பையும்விட நிச்சயமான முதுகுப் பாதுகாப்பு.

அதிர்வும் இத்தகையதே. திறந்தவெளிச் சுரங்கங்களில் பாரவண்டியும் புல்டோசரும் ஓட்டுவோரின் இருக்கை வழியாக நாள் முழுவதும் அதிர்வு தண்டில் ஏறுகிறது. அதை அளக்கும் ஐ.எஸ்.ஓ. 2631 என்ற சர்வதேச அளவுகோல் 1974 முதல் உள்ளது. இப்பொறிகளைச் செய்யும் பாரத் எர்த் மூவர்ஸ் நிறுவனத்தின் பெரிய தொழிற்சாலை கோலார் தங்கவயலிலேயே இயங்கி வருகிறது. முதுகை வருத்தாத இருக்கையைப் பற்றி எண்ணிப்பார்க்க இதைவிடப் பொருத்தமான ஊர் வேறில்லை.

இழப்பீட்டில் முதுகுக்கு உரிய இடம் கிடைக்கவில்லை. பாறை விழுந்து தண்டு முறிந்தால் அது விபத்து. சட்டத்தில் அதற்கு வழியுண்டு. 1952ஆம் ஆண்டின் சுரங்கச் சட்டத்தின் கீழ் அறிவிக்கப்பட்ட நோய்களில் சிலிகோசிஸ் இடம்பெற்றிருந்தது. முப்பதாண்டுகள் குனிந்து தூக்கியதால் சிதைந்த முதுகு அப்பட்டியலில் இடம்பெறவில்லை. ஜெர்மனி 1993இல் இதற்கு ஒரு வழி கண்டது. பல ஆண்டுகள் பெரும் பாரம் தூக்கியவர்க்கும், முற்றிலும் குனிந்த நிலையில் உழைத்தவர்க்கும், இருக்கை வழியே அதிர்வுக்கு உள்ளானவர்க்கும் ஏற்படும் இடுப்புத் தட்டு நோய்களைத் தொழில் நோய்களாக அது ஏற்றுக்கொண்டது. ஒருவர் தம் வாழ்நாளில் எத்தனை பாரம், எத்தனை ஆண்டுகள் தூக்கினார் என்ற கணக்கே அங்கு சான்றாகக் கொள்ளப்படுகிறது. வயதின் மாறுதலையும் வேலையின் சேதத்தையும் படத்தைக் கொண்டு பிரிக்க இயலாது என்பதால், பணிப் பதிவேடே எக்ஸ்-கதிர்ப் படத்தைவிட மதிப்புடையதாகிறது. பங்காரப்பேட்டை ரயிலில் செல்லும் கட்டடத் தொழிலாளிக்கு அத்தகைய பதிவேடு எதுவும் இல்லை. மேஸ்திரி மாறுகிறார், மனை மாறுகிறது. தூக்கிய மூட்டைகளின் கணக்கு எவரிடமும் நிற்பதில்லை.

சுரங்க நிறுவனம் நடத்திய மருத்துவமனை 2001க்குப் பின் பயனற்றுப் பூட்டிக் கிடந்தது. கொரோனா பரவிய 2021இல் அதைத் துப்புரவு செய்து மீண்டும் படுக்கைகள் இட்டனர். முதுகுவலி மருத்துவத்திற்குப் பெரும் கருவிகள் எவையும் வேண்டுவதில்லை. நோயாளி கூறுவதைப் பொறுமையுடன் கேட்டு ஆபத்தான பத்திலொன்றைப் பிரித்தறியும் மருத்துவர் ஒருவர், பயிற்சி கற்பிக்கும் இயன்முறை வல்லுநர் ஒருவர், விரிக்கப் பாய் சில, ஒரு கூடம் ஆகியவை போதும். பெங்களூர் ரயில் திரும்பும் இரவு நேரத்திற்குப் பின்னரோ, ஞாயிற்றுக்கிழமையிலோ அது திறந்திருக்க வேண்டும். ஒரு நாள் கூலியை இழந்து சிகிச்சைக்கு வர அம்மக்களில் பலரால் இயலாது.